சோபாக்கார அக்காவின் வண்டித்தடம்

சோபாக்கார அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அது பொய். ரொம்பவே நீளம். கிழிந்த சோபாவுக்குப் புதுத் துணி போடுவது அவள் தொழில். பட்டறை பொது மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் சந்தில் ஆள் நுழையலாம், சோபா நுழையாது. அதனால் இருபத்து மூன்று வருஷமாக அவளுடைய சின்ன லோடு வண்டி மைதானத்தின் ஓரமாகத்தான் போய் வந்தது. அவள் யாரையும் கேட்டதில்லை. யாரும் தடுத்ததும் இல்லை.

போன வருஷம் மைதானக் கமிட்டிக்குச் செயலாளரான மனிதருக்கு அந்தத் தடம் கண்ணை உறுத்தியது. ஒரு திங்கட்கிழமை காலை குறுக்கே நாலு இரும்புக் கம்பம் நட்டார். சாயங்காலமே கையில் ஒரு தாளோடு பட்டறைக்கு வந்துவிட்டார்.

"சண்டை எதுக்கும்மா? கையெழுத்துப் போடுங்க, ரெண்டு கம்பத்தை எடுத்துடறோம். வருஷா வருஷம் பாஸ் தர்றோம், இலவசமா."

'இதுநாள்வரை கமிட்டியின் அனுமதியோடுதான் வண்டி ஓட்டினேன்' என்று தாளில் இருந்தது. அவள் புருஷன் எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனுஷன். அவசரமாகப் பேனாவை நீட்டினார்.

"போட்டுடு. வீண் வம்பு எதுக்கு?"

அக்கா செயலாளரைப் பார்த்தாள். "நான் எப்போங்க உங்ககிட்ட கேட்டேன்? கேட்காததைக் கேட்டேன்னு எழுதிக் கொடுக்கவா?" தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கு அடியில் சொருகினாள்.

வேலை முடங்கியது. முடித்து வைத்த மூன்று சோபாக்கள் பட்டறையிலேயே மாட்டிக்கொண்டன. "உன் வீம்பு சோறு போடுமா?" என்று புருஷன் புலம்பினார். அவளுக்கும் பயம்தான். வழி போனால் பட்டறை போச்சு. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

அந்த மூன்றில் ஒரு சோபா ஒரு வக்கீலம்மாவுடையது. விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தார். "நல்லவேளை, போடலை! இருபது வருஷத்துக்கு மேல எல்லாரும் பார்க்க, யாரையும் கேட்காம, தகராறும் பண்ணாம போனா அது உரிமை. அனுமதியோட போனேன்னு எழுதிக் கொடுத்தா, அவங்க போட்ட பிச்சை ஆயிடும்."

வக்கீலம்மா எழுதிக் கொடுத்த மனுவின் பேரில் நில அலுவலகத்தில் விசாரணை நடந்தது. "நாங்கதான் சார் அனுமதி கொடுத்தோம்" என்று செயலாளர் ஆரம்பித்தார். அதிகாரி ஆதாரம் கேட்டதும் செயலாளர் பேச்சை மாற்றினார். "அப்படின்னா, எங்களுக்குத் தெரியாம திருட்டுத்தனமா போயிருக்காங்க சார்."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "திருட்டுத்தனமா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டுப் பச்சை சோபா என் பட்டறைக்குப் பறந்தா வந்துச்சு? வண்டியில என் பக்கத்துல உட்கார்ந்து வந்ததே நீங்கதானே! 'பள்ளம் வருது, மெதுவா'ன்னு நீங்கதானே கத்தினீங்க!"

அதிகாரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். "ஆமாவா, இல்லையா?"

"ஆமா சார்" என்றார் செயலாளர், மேஜையைப் பார்த்து.

வண்டி போக அவளுக்கு உரிமை உண்டு, கம்பங்களை எடுத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது.

மறுநாள் காலை ஆட்கள் கம்பங்களைப் பிடுங்கினார்கள். அக்காவின் வண்டி வந்தபோது செயலாளர் தடத்தின் நடுவில் நின்றிருந்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று, பெருந்தன்மையாகக் கையை நீட்டி வழிகாட்டினார்.

"தாராளமா போங்கம்மா. கமிட்டி அனுமதிக்குது."

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அனுமதியெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அது போதும்."