குதிகாலில் ஒரு கறுப்பு

அந்தத் தெருவில் அவளைப் பார்லரக்கா என்றால்தான் தெரியும். புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயும் அப்படித்தான், வந்து உட்கார்ந்தவர்கள் சிரிக்காமல் எழுந்து போனதில்லை.

அவளுடைய அம்மா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவள். இப்போதும் வீட்டு நடையில் யாராவது வழிமறித்து நின்றால், "உள்ள தள்ளி நில்லு" என்று அதட்டல் தானாக வந்துவிடும்.

ஒரு மத்தியானம், பெடிக்யூருக்கு வரவேண்டிய ஒருத்தி வரவில்லை. வெந்நீர் வீணாகப் போகிறதே என்று, சும்மா எட்டிப் பார்க்க வந்த அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள் மகள்.

"ஊர்ல இருக்கறவங்க காலையெல்லாம் கழுவுறேன். உன் காலை ஒரு நாள் கழுவுனா என்ன?"

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி மினுக்கு?"

அம்மா வலது காலை மட்டும் கொடுத்தாள். இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மகள் விளையாட்டாக அதையும் பிடித்துத் தண்ணீரில் விட்டாள். குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஊறிக் கழன்று வந்தது.

அடியில் ஒரு கறுப்பு. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். ஓரம் ஒழுங்கில்லாமல், தாளில் மை கசிந்த மாதிரி. ஒரு பக்கம் நல்ல கறுப்பு, மறுபக்கம் பழுப்பு.

பார்லரக்கா கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டாள். காலில் இப்படி ஒன்றைக் கண்டால் கை வைக்காதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எத்தனையோ பேர் காலைப் பார்த்திருக்கிறாள்; அந்தப் படத்தை எந்தக் காலிலும் பார்த்ததில்லை.

"இது எப்பலேர்ந்துமா இருக்கு?"

"நின்னு நின்னு காய்ச்சுப்போனதுடி. விடு."

புண்ணே இல்லாத இடத்துக்கு எதற்குப் பிளாஸ்டர் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அம்மாவை ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்து டாக்டரிடம் நாள் வாங்கினாள். அந்த நாள் வரைக்கும் அவள் அவளாக இல்லை. ஒருத்திக்குப் புருவத்தில் பாதியை எடுத்துவிட்டு, கண்ணாடியில் வந்தவளின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் சுயநினைவுக்கு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான தம்பியிடம் மட்டும் போனில் சொன்னாள். எந்த டாக்டர், என்றைக்கு என்று கேட்டுக்கொண்டான். பிறகு, "அம்மா முன்னாடி அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதக்கா" என்றான். இருவரும் மச்சம் என்றார்கள், 'அது' என்றார்கள். அந்த வார்த்தையை வீட்டுக்குள் விடவில்லை.

தோல் டாக்டர் சின்ன லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தார். "கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்மா."

"அந்த டாக்டரும் இதைத்தான் சொன்னாரு" என்றாள் அம்மா.

மகள் திரும்பினாள். "எந்த டாக்டர்?"

"நீ கடை தொறந்த சமயத்துல, டிப்போ பக்கத்துல ஒருத்தர்கிட்ட காட்டினேன். கேன்சரா இருக்கலாம், வெட்டிப் பாத்துடலாம்னாரு."

பிள்ளைகள் இருவரும் பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை, மீதிச் சில்லறை கேட்பதுபோல அம்மாவின் வாயிலிருந்து வந்தது. டாக்டர் ஏதோ சொன்னார். பார்லரக்காவுக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் வெடித்தாள். "கடை தொறந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்சேவா பிளாஸ்டர் ஒட்டி மறைச்ச?"

"சொன்னா கடையை இழுத்துப் பூட்டிட்டு என் பின்னாடி அலைவ. கொஞ்ச நாள் போகட்டும்னு விட்டேன்." அம்மா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் பயம் வந்துடுச்சுடி. போகவே முடியல."

குடித்துவிட்டு வம்பு செய்தவனைச் சட்டையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கிவிட்ட அம்மா. அவளுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பதை மகள் அந்தப் பெஞ்சில்தான் தெரிந்துகொண்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டெஸ்ட் முடிவு வந்தபோது அது கேன்சர்தான் என்று தெரிந்தது. ஆனால் ஆழமாக இறங்கவில்லை, வேறெங்கும் பரவவில்லை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுற்றிலும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். இனி ஆயுசுக்கும் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

காலையில் கடைக்குப் போகுமுன் கட்டு மாற்றுவது மகளின் வேலையாயிற்று. முதல் நாள் பஞ்சை மெல்ல மெல்லப் பிரித்தாள்.

"வலிக்குதாமா?" என்றாள், இல்லை என்றுதான் பதில் வரும் என்று தெரிந்தே.

அம்மா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதுடி. ரொம்ப வலிக்குது."