அகல்யா எடுக்காத லிமிட்

திருநின்றவூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகும் அகல்யா, பதினோரு மாதமாக ஒரே ஒரு ஆளை மனத்துக்குள் வறுத்துக்கொண்டிருந்தாள். ஹேமநாதன். அவளுடைய மேலாளர். நேரில் சார், மனத்துக்குள் அவன்.

புது மென்பொருளின் மேல் ஆயிரக்கணக்கான போலி ஆட்களை ஏவிவிட்டு, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. போன வருடம் ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தின் முன்பதிவுச் செயலி சோதனைக்கு வந்தது. அதன் டேட்டாபேஸ் ஒரு கண்டெய்னருக்குள் ஓடும். பெரிய சர்வருக்குள் தடுத்துப் பிரித்த அறை மாதிரி அது. நாலு ஜிபி மெமரிக்கு மேல் தொடக் கூடாது என்று லிமிட் உண்டு. சோதனையில் அது திணறியது. ஹேமநாதன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அந்த லிமிட்டை எடுத்துட்டு ஓட்டும்மா. ரிப்போர்ட் இன்னைக்கே போகணும்."

"எடுத்தா முழு சர்வரையும் தின்னும் சார். கஸ்டமர்கிட்ட நாலுதான கீது?"

"சொன்னதைச் செய்."

செய்தாள். எண்கள் அழகாக வந்தன.

பொங்கல் முன்பதிவு தொடங்கிய காலையில் செயலி பத்தே நிமிடத்தில் படுத்துவிட்டது. கம்பெனிக்குள் நடந்த விசாரணைக் கூட்டத்தில் ஹேமநாதன் கூசாமல் சொன்னான்: "அகல்யா லிமிட் போட மறந்துட்டாங்க."

"இன்னா சார், நீங்கதான..." என்று அவள் எழுந்தாள்.

"முதல்ல ஒழுங்காத் தமிழ் பேசக் கத்துக்கங்க" என்றான். அறையே சிரித்தது.

வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? சோதனைக் குழுவிலிருந்து தூக்கி, செயலியின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் வேலையில் அவளைப் போட்டார்கள்.

"உட்டுத் தள்ளு, வேற கம்பெனி பாத்துக்கலாம்" என்றான் கணவன் டில்லிபாபு.

"உட மாட்டேன். அவன் வாயாலயே வர வைக்கிறேன் பாரு."

அவள் இடத்துக்கு வந்தவர் வேலையை விட்டுப் போக, அடுத்த பொங்கலுக்கு முன்னால் அதே செயலியின் புதுப் பதிப்பு அவளிடமே வந்தது. ஹேமநாதனும் அதே பாட்டைப் பாடினான். "லிமிட்டை எடுத்துடு. கஸ்டமர் நேர்ல பாக்க வராங்க, திரையில சிவப்பு வரக் கூடாது."

"சரி சார்."

அவள் அதைத் தொடவில்லை. ஒத்திகையில் நூறு பேரை மட்டும் ஏவிக் காட்டினாள். திரை பச்சையாக இருந்தது. அவன் அதற்கு மேல் பார்க்கவில்லை.

பேருந்து நிறுவனத்திலிருந்து ரோஷினி என்ற அதிகாரி நேரில் வந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் அகல்யா ஐயாயிரம் பேரை ஏவினாள். கொஞ்ச நேரத்தில் மெமரி போதாமல் டேட்டாபேஸ் விழுந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

ஹேமநாதன் துள்ளி எழுந்தான். "லிமிட்டை எடுக்கச் சொன்னேன்ல! ஏன் எடுக்கல?"

ரோஷினி பேனாவைக் கீழே வைத்தார். "எடுக்கச் சொன்னீங்களா? எங்க சர்வர்ல அந்த லிமிட் இருக்கே. போன பொங்கலுக்கும் எடுத்துட்டுத்தான் டெஸ்ட் பண்ணீங்களா?"

எழுந்தவன் மெல்ல உட்கார்ந்தான்.

"ஆமா மேடம்" என்றாள் அகல்யா. "அப்பவும் சார்தான் எடுக்கச் சொன்னாரு. நான் வேணாம்னேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வெளியே நடைவழியில் அவளை மறித்தான். "தனியா வந்து சொல்லியிருக்கலாமே அகல்யா?"

"போன வாட்டி தனியாத்தான் சார் சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போனாள். நெஞ்சு கனக்கும் என்று நினைத்திருந்தாள். கனக்கவில்லை. இரண்டாவது தட்டு எலுமிச்சை சாதம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த இரண்டு வாரத்தில், மெமரியை விழுங்கிக்கொண்டிருந்த நிரலை அவளே தேடிப் பிடித்துத் திருத்த வைத்தாள். பொங்கல் முன்பதிவு தடங்கலின்றி நடந்தது. ஹேமநாதனை அதிகாரமில்லாத ஏதோ ஒரு பொறுப்பில் ஐந்தாம் மாடிக்கு மாற்றினார்கள்.

ஒருநாள் மாலை லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். அவன் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். அகல்யா குனியவில்லை. கீழ்த்தளம் வரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.