ரெண்டாவது அடியை அடித்தது யார்?

போன வாரம் என் மச்சினன் எனக்குத் தன் பழைய கியர் ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். போடி சந்தைக்குப் பின்னால் ஒரு பொட்டல். நான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, கிளட்ச்சு இருக்கே... லேசுப்பட்டது இல்ல. நானே நாலு தடவை விழுந்திருக்கேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கு முட்டி பேந்துபோச்சு. நீங்க பயப்படாம ஓட்டுங்க!"

ஓட்டினேன். வண்டி நேராக ஒரு தக்காளிக் கூடைக்குள் போய் நின்றது. கூடைக்காரம்மா சொன்னதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இந்தப் பத்தியையே நிறுத்திவிடுவார்.

ஏன் சிலர் எதைக் கற்றுக்கொடுக்க வந்தாலும் முதல் பாடமாகப் பயத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள்? தக்காளி விதையைச் சட்டையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அன்னம்மா சிஸ்டர் ஞாபகம் வந்தது.

பத்து வருஷம் இருக்கும். அப்போது நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். வேலைக்குப் போட்ட மனுவில் 'பேண்ட் வாத்தியம் தெரியும்' என்று எழுதியிருந்தேன். உண்மைதான்... காலேஜில் பேண்ட் கோஷ்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். வாத்தியம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்!

தோட்டத்து மானேஜர் அதை மறக்கவில்லை. ஜூலைக் கடைசியில் மதுரையிலிருந்து ஒரு சைடு டிரம் வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார்.

"சார், சுதந்திர தினத்துக்குக் கொடி ஏத்தும்போது டிரம் ரோல் வேணும். ட்ர்ர்ர்னு... கொடி விரியுற வரைக்கும் நிக்கக் கூடாது. அதை முடிச்சுக் குடுங்க, உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்."

முடிக்காவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. கீழே போகிற ஜீப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார்த்தேன். ட்ர்ர்ர் வரவில்லை. மாடிப்படியில் யாரோ தேங்காய் மூட்டையை உருட்டிவிட்ட மாதிரி வந்தது. பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒருவர் வந்து, "யாரும் விழுந்துட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எதற்கு? பொய் சர்டிபிகேட் வாங்கத்தான். அங்கே நர்ஸ் அன்னம்மா சிஸ்டர். மலையாளத்துக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே பாட்டிலில் கலந்துவரும். என்னைவிட ரெண்டு மூணு வயசு இளையவர்.

"எந்தா சாரே, சுகமில்லையா?"

"சிஸ்டர், ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி எனக்கு வயித்துப்போக்குன்னு எழுதிக் குடுங்க."

"இன்னு ஜூலை அல்லே?"

கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. ஸ்கூல் படிக்கும்போது பேண்டில் சைடு டிரம் வாசித்தவராம்!

"சர்டிபிகேட்டு இல்லா. நாளைக்கு டிரம்மைக் கொண்டாங்க."

இப்படித்தான் தினமும் காலையில், வரிசையில் காத்திருக்கும் இருமல், சளி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் என் பாடம் நடந்தது. ஏலம் பறிக்கும் ராசாத்தி அக்கா முதல் நாளே கேட்டுவிட்டார்: "சிஸ்டரே, வாத்தியாருக்கு என்ன வியாதி?"

"கை வியாதி. வேகம் மாறும், சீக்கிரம் சரியாகும்."

சிஸ்டர் என்னிடம், "சாரே, அடிக்கண்டா, அடிக்காதீங்க. குச்சியைச் சும்மா பிடிச்சு, மேலேயிருந்து விடுங்க," என்றார்.

விட்டேன். தட்-தட்.

"எத்தனை சத்தம்?"

"ரெண்டு."

"முதல் அடி யாரு அடிச்சது?"

"நான்."

"ரெண்டாவது?"

சுற்றிலும் பார்த்தேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"தோலு! குச்சியை அது திருப்பி அனுப்புது. பாதி வேலையை அது செய்யும். அதோட சோலியையும் நீங்களே செய்யப்போய்த்தான் கை வலிக்குது."

நம்புவீர்களா? மலை மாதிரி நின்ற பயத்தில் பாதி அந்த ஒரு நிமிஷத்தில் காணாமல் போய்விட்டது! வலது கையில் ஒரு தட்-தட், இடது கையில் ஒரு தட்-தட். மெதுவாக. பிறகு கொஞ்சம் வெரசாக. அவ்வளவுதான் ரோல்.

ஆனால் வேகம் கூடியதும் எனக்குள்ளே ஒருத்தன் விழித்துக்கொள்வான். 'அடேய், கஷ்டமானது வருதுடா!' உடனே ரெண்டு கையும் விறகுக் கட்டையாகிவிடும்.

சிஸ்டர் அதையும் கவனித்திருக்கிறார். ஒரு நாள் நான் தட்டிக்கொண்டே இருக்கிறேன். அவர் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஊசி போடுகிறார். "வீட்டில கோழி எத்தனை?" பிள்ளை விரல்விட்டு எண்ணுகிறது. அஞ்சு வருவதற்குள் ஊசி போய்விட்டு வெளியே வந்தாச்சு. அப்படியே என் பக்கம் திரும்பி, "சாரே, போடில உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்றார்.

"பஸ்ஸ்டாண்டுல இறங்கி, நேரா வந்து, சோடாக் கடைகிட்ட திரும்பி..." மூணாவது தெருவுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். வரிசையில் ஒருத்தரும் இருமவில்லை. அறை முழுக்க ட்ர்ர்ர்ர்!

"கழிஞ்ஞு சாரே, முடிஞ்சாச்சு," என்றார் சிஸ்டர், ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுகிற குரலில். "அதுதான் ரோல்."

"வாத்தியாரே," என்றார் ராசாத்தி அக்கா, "கடைசி வரைக்கும் வீடு எங்கன்னு சொல்லலையே?"

பதினஞ்சாம் தேதி. தூறல். மைதானத்தில் ஐம்பது பிள்ளைகள், தோட்டமே திரண்டு நிற்கிறது. என் கண் சிஸ்டரைத் தேடுகிறது. காணோம்! பிரசவ வலி வந்த ஒரு பெண்ணோடு விடிகாலையிலேயே ஜீப்பில் போடிக்கு இறங்கிவிட்டாராம். இனி என்னிடம் வழி கேட்க யார் இருக்கிறார்கள்?

பேசாமல் வயித்துப்போக்கே வந்திருக்கலாம்... வருகிற மாதிரியும் இருந்தது.

மானேஜர் கயிற்றைப் பிடித்தார். ஆரம்பித்தேன். தட்-தட், தட்-தட். கயிற்றை இழுத்தார். கொடி விரியவில்லை. மறுபடி இழுத்தார். முடிச்சு மழையில் நனைந்து இறுகிவிட்டது! கங்காணி ஓடிவந்து ஒரு கை பிடிக்கிறார். மானேஜர் முகம் வெற்றிலை போட்ட வாயின் நிறத்துக்குப் போகிறது. என் மூளை முழுக்க அந்த முடிச்சுதான். இடது பக்கம் இழுங்கய்யா... அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்... அட, சுண்டி இழுங்கய்யா!

சட்டென்று அவிழ்ந்தது. பூ கொட்டியது. கொடி விரிந்தது. அப்போதுதான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன். அதுவரை ட்ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தவை, நான் பார்த்ததும் வெட்கப்பட்டு, தடக்... புடக்... டொப்.

நல்லவேளை, கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மானேஜர் வேர்வையும் மழையுமாக என்னிடம் வந்தார். "பிழைச்சேன் சார். எல்லாரும் உங்களையே பாத்துட்டிருந்தாங்க. கொடி சிக்குனதை ஒருத்தனும் பாக்கல." மறுவாரம் உத்தரவு கைக்கு வந்தது. நிரந்தரம்! கூடவே ஒரு வரி: பிள்ளைகளுக்கு டிரம் சொல்லித்தர வேண்டியது.

முதல் வகுப்பு. பதினெட்டுப் பிள்ளைகள் ஆசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிரம்மை உயரத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தேன்:

"பிள்ளைகளா... இது லேசுப்பட்ட வித்தை இல்ல."

மறுநாள் வந்தது மூன்று பேர். அதிலும் ஒருத்தி, குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவள்.