அப்பாவின் மீசைக்காரங்க

கம்பெனி விட்டு வந்ததும் அப்பாவின் கைகளில் மெஷின் எண்ணெய் வாசம் அடிக்கும். பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ‘ஓவர்லாக்’ டைலராக இருந்த அவர், அந்தக் கையோடே என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசிய பிறகுதான் மீன்தொட்டிக்குள் கைவிடுவார். எண்ணெய் பட்டால் மகளுக்கு ஒன்றும் ஆகாது, மீனுக்கு ஆகும் என்பது அவர் எண்ணம். பத்து வயதில் எனக்கு அது பொறுக்கவில்லை.

தொட்டியில் இருந்தவை கட்டைவிரல் நீளத்தில் ஆறு மீன்கள். கடைக்காரர் ‘கோரி’ என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா ‘மீசைக்காரங்க’ என்று பெயர் வைத்தார். எப்போதும் அடியிலேயே கூட்டமாகத் திரிந்து, மீசையால் மணலைத் துழாவிக்கொண்டிருக்கும்; கடிக்காது, துரத்தாது; திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து படுத்துக்கொள்ளும். கண்ணை உருட்டும்போது கண்ணடிப்பது போலிருக்கும். “என்னங்க சாமி, பசிக்குதுங்களா?” என்று அப்பா அவற்றைக் கேட்கும் குரலில் என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

சரளைக்கல் மீசையைத் தேய்த்துவிடும் என்று, அம்மாவின் ஊரான கொமரலிங்கத்துக்குப் போனபோது அமராவதி ஆற்றில் பொடிமணலாகச் சலித்து ஒரு பை எடுத்து வந்தார். திரும்பும் பஸ்ஸில் ஒரே கூட்டம். அப்பாவுக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. அவர் மடியில் மணல் பை உட்கார்ந்திருக்க, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாராபுரம்வரை நின்றேன்.

தண்ணீரிலும் அதே கதைதான். எப்போதோ ஒருநாள் குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து, மருந்து வாடை போகட்டும் என்று ஆறவைத்துத் தொட்டிக்கு ஊற்றுவார். நாங்கள் குளிப்பது உப்பேறிய போர்வெல் தண்ணீரில். தலைமுடி நார்போல விறைத்துப் போகும்.

“ஏனுங்க, பெத்த புள்ள உப்புத்தண்ணீல குளிக்குது, உங்க மீனுக்கு நல்ல தண்ணி கேக்குதுங்களா?” என்பார் அம்மா.

“அதுங்களுக்குச் செவுள் எரியுமல்ல” என்பார் அப்பா. என் கண் எரிவதை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் அவரைக் கம்பெனி பெங்களூர் யூனிட்டுக்கு அனுப்பியது. வாடகை வீட்டுக்காரரின் போனுக்கு அப்பா அழைப்பார், நான் ஓடிப்போய் எடுத்தால், “கண்ணு, மீசைக்காரங்க சாப்பிட்டாங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. ஆத்திரத்தோடுதான் தீனி போட்டேன். ஒரு காலையில் ஒரு மீன் கூட்டத்தைவிட்டு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. காற்றுக்குக்கூட மேலே வரவில்லை. குனிந்து பார்த்தபோது, தின்னாத தீனி மணலில் அழுகிக் கிடந்தது தெரிந்தது. அப்பா செய்வதுபோல ரப்பர் குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். பண்டிகைக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்ள அம்மா எனக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தை, யாரும் சொல்லாமலே தூக்கி வந்து மெல்ல மெல்லத் தொட்டியில் ஊற்றினேன். மறுநாள் அந்த மீன் மணலைக் கிளறத் தொடங்கியது. கொஞ்ச நாளில் ஆறும் என் விரலைச் சுற்றி வந்து மீசையால் தடவின. அந்தக் கூச்சம் கைமுழுக்க ஏறும்.

அப்பா திரும்பி வந்து கைகழுவித் தொட்டிக்குள் விரலை விட்டார். எல்லாம் கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. நான் கைவிட்டதும் வந்தன.

“என்ன கண்ணு, என்னைய மறந்துட்டாங்களா?” என்றவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அன்று சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மெல்ல மெல்ல அவை அவரிடமும் பழகியபோது மறுபடி வயிறு எரிந்தது. தீனி போடும் நேரத்தில் இருவரும் இடித்துக்கொண்டு நிற்போம். “அப்பனும் மகளும் மீனுக்குச் சக்களத்திச் சண்டை போடறாங்க” என்று அம்மா சிரிப்பார்.

பிறகு வீடு மாறும்படி ஆனது. புது வீட்டுக்காரர் தொட்டி வைக்கக் கூடாது என்றார். அப்பாவோடு வேலை செய்த தென்காசி அக்காவுக்கு மீன்களைத் தொட்டியோடு கொடுத்துவிட்டோம். சில மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். அவருடைய சின்ன மகள் கையைவிட்டதும் எல்லாம் அவளிடம் ஓடி வந்தன. “புள்ளகிட்ட நல்லா ஒட்டிக்கிட்டுண்ணே! இருங்க, டீ போடுதேன்” என்றார் அந்த அக்கா. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “வேலை இருக்குதுங்க” என்று டீ குடிக்காமலே கிளம்பிவிட்டோம்.

“தீனி போட்டா யாருகிட்ட வேணாலும் போவாங்க” என்றார் வழியில். “ஆமாங்கப்பா” என்றேன். வீடுவரை என் கையை அவர் விடவில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இப்போது துணிக் கிடங்கு. அந்த அக்கா குடும்பம் ஊருக்கே போய்விட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்ணமீன் கடைகளில் மீசைக்காரங்க இன்னும் இருக்கிறார்கள். வேறு யாரோ அவர்களைப் பையில் வாங்கிக்கொண்டு போகும்போது, என்னோடு சேர்ந்து முகம் சுளிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.