விசைப்பலகைமேல் வைத்த பூட்டு

என் டிரங்குப் பெட்டியில் தொங்கும் பித்தளைப் பூட்டு, திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு யார்டில் கிடைத்தது. அங்கே நான், பெட்டி வெளியே போவதற்கான கேட் பாஸ் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றவன். அதற்கு முன்னால் லாரி கிளீனர், அதற்கும் முன்னால் ஐஸ் உடைக்கிற வேலை. எதிலும் அதிக நாள் தங்கியதில்லை.

ஒரு மதியம் டிரெய்லர் டிரைவர் ஒருவர், கையெழுத்துப் போடுவதற்காகக் கையிலிருந்த பூட்டை என் விசைப்பலகைமேல் வைத்தார். ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது. பிறகு கணினி செத்துவிட்டது.

"இன்னா மாமு, ஒரு பூட்டுக்கே பூட்ச்சா உன் மிஷினு?" என்று சிரித்தார்.

அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். நான் கை நீட்டியதும், பாஸ் அடிக்கும் புரோகிராமை எங்களுக்கு எழுதிக்கொடுத்த அக்கா தடுத்தார். காசிமேட்டில் மீனவர் வீட்டில் பிறந்தவர். "செத்தது கெடக்கட்டும். எப்டி செத்துச்சுன்னு பாக்க வேணாமா?"

டிரைவர் பூட்டைச் சாவியோடு கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். தப்பு அவர் எழுதியதில் இல்லை. அதை வரிவரியாகப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரிலேயே இருந்தது. எனக்குப் புரியவைக்க ஜன்னல் வழியாக யார்டைக் காட்டினார்.

"இருபதடி எடத்துல நாப்பதடி பெட்டிய எறக்குனா இன்னா ஆவும் நைனா? பக்கத்து எடத்துல ஏறிக் குந்திக்கும். இது நீளம் இன்னான்னு கேக்காமயே எறக்குது. வெவரம் தெரிஞ்சவன் அந்த நீட்டத்துல ஒரு உத்தரவ ஒளிச்சு அனுப்புனான்னு வை, மிஷின் அவன் பேச்சக் கேக்கும்."

எங்கள் கணினி போன் லைன் வழியாக இணையத்தில் இருந்தது. எவனோ எங்கிருந்தோ பொய்யாக ஒரு பாஸ் அடித்து, ஒரு பெட்டியை வெளியே எடுத்துவிடலாம். பழி பாஸ் அடித்தவன்மேல் விழும். அதாவது என்மேல். எனக்கே தோன்றாத அதை முதலில் சொன்னவர் அக்காதான்.

"வெளிய தெரிஞ்சா கஸ்டமர் ஓடிடுவான். வாயத் தெறந்தா உனக்கு வேலை இல்ல" என்று அக்காவிடம் சொன்னார் மேனேஜர். அக்கா போய் போன் ஒயரைப் பிடுங்கினார். சாயங்காலம் பக்கத்து டோல்கேட் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்த இன்டர்பிரெட்டரை உருவாக்கியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி மெயில் அனுப்பினார்.

லைன் இல்லாததால் மறுநாள் பாஸைக் கையால் எழுதினோம். லாரி வரிசை ரோடுவரை நின்றது.

"பேஜாரு பண்றியே மேடம்!" என்று ஒரு டிரைவர் அக்காவிடம் கத்தினார்.

"நல்லா திட்டு. பெட்டி காணாப்பூட்டா உன்னியும்தான் புடிச்சினு போவாங்கோ."

அன்றே அக்காவுக்கு வேலை போனது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பூட்டை என் மேசையில் வைத்தார். "சரி பண்ணி அனுப்புவாங்கோ. வச்சுப் பாரு." அந்த ஒயரைத் திரும்ப மாட்ட மேனேஜருக்கும் துணிவு வரவில்லை.

அந்த மழைக்காலம் ஓய்வதற்குள் திருத்திய இன்டர்பிரெட்டர் சி.டி.யில் வந்தது. அதைக் கணினியில் ஏற்றியதும் பூட்டை வைத்துப் பார்த்தேன். எழுத்து ஓடி, ஓரிடத்தில் நின்றது. நீளம் அதிகம் என்று ஒரு வரி காட்டிவிட்டு, அடுத்த பெட்டியின் எண்ணுக்காகக் கணினி காத்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

அதன்பின் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். இப்போது போனில் விலாசம் அடிக்கும்போது, இதற்குமேல் எழுத முடியாது என்று கட்டம் நின்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அக்காவைத் தேடிப்போய்ச் சொல்லவேண்டும்போல் இருக்கிறது. எங்கே இருக்கிறார் என்று தெரியாததால் டிரங்குப் பெட்டியைப் பூட்டும்போது சொல்லிக்கொள்கிறேன்: வச்சுப் பாத்தேங்க்கா. நின்னுச்சு.