கண்ணில் கலந்த மஞ்சள்

என் தங்கச்சி புருஷன் முகம் வரைகிறவர். யார் வந்து உட்கார்ந்தாலும் எழவு வீட்டு முகமாக்கித் தருவார். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் வாடகை வீட்டுச் சொந்தக்காரரைக்கூடப் பெற்ற தாயைப் புதைத்துவிட்டு வந்தவர் மாதிரி வரைந்து வைத்தார். சோகத்தில்தான் ஆழம் இருக்கிறதாம். நான் பார்த்தவரை நீலச் சாயத்தை வாரி அப்பியதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதற்கும் நாலு பேர் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தங்கச்சி சமைத்து, துவைத்து முடித்துவிட்டு, ஜன்னலோரம் போய்ச் சிரிக்காமல் உட்காரவேண்டும். களைப்பாக இருக்கிறது என்று அவள் சொன்னால், அப்படியே இரு, முகம் நன்றாக வருகிறது என்பார். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போனது. இவருக்குக் கொண்டாட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் உள்ளே சமையலில் இருந்தாள். முன்னறையில் அவள் படம் நின்றது. வழக்கமான நீலம்தான். ஆனால் கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

"மாப்பிள்ளை, கண்ணுல என்ன மஞ்சள்?"

"இருக்கிறதத்தான் வரைவேன், மச்சான். நாளுக்கு நாள் கூடிக்கிட்டே வருது. தினமும் புதுசா கலக்க வேண்டியிருக்கு." பெருமையாகச் சொன்னார்.

உள்ளே ஓடி, அவளைக் கொல்லைப்புறக் கதவு வெளிச்சத்துக்கு இழுத்து வந்து பார்த்தேன். கண், நகம் எல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில், ஈரல் வீங்கியிருக்கிறது, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார்கள். தூரிகை பிடிக்கத் தெரியாத எவனுக்கும் தெரிகிற காமாலை அது.

அவள் பிழைப்பாளா என்று தெரியாமல் நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வந்து நிறம் எப்போது மாறும் என்று கேட்டார். படத்தில் கை மட்டும் பாக்கியாம்.

ஒரு வாரம் கழித்து அவளுக்குத் தெளிவு வந்தது. கட்டிலருகே நின்றவரிடம் மெல்லக் கேட்டாள்.

"நான் மஞ்சளாகறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாமலா? உன்னை என்னை மாதிரி யார் பாத்திருக்காங்க?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. மனுஷன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் குனிந்தார், தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்த முகத்தையே பார்த்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்து, முகத்தில் நிழல் சரியாக விழவில்லை என்று ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொன்னார்.

தங்கச்சி போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, அவரை வெளிய போகச் சொல்லு."

சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன்.