கொண்டைக்கு மேல ஒரு சிவப்புத் தொப்பி

அவர் செத்த அடுத்த வருசம் எங்கட மகளுக்குக் கலியாணம். விதவை பூ வைக்கக்கூடாது, முன்னுக்கும் வரக்கூடாது எண்டு சொந்தக்காரர் முடிவெடுத்திட்டினம். நான் அவரின்ர தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சென்ட்ரல் லண்டனில ஒரு கடைக்குப் போனன். தலையை அளந்து, முயல் ரோமத்தில தொப்பி செய்து குடுக்கிற கடை அது.

கடைக்காரர் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். "கொண்டையோடயே அளவுங்கோ. நிறம் சிவப்பு," எண்டன்.

"அப்ப உயரமாச் செய்ய வேணும். சிவப்புக்குத் தனிச்சாயம். சாம்பல் நிறத் தொப்பியைப்போல ரெண்டு மடங்கு விலை வரும்," எண்டார்.

மச்சாள் என்ர கையைப் பிடிச்சா. "சாம்பல் நிறமே போதும் அண்ணி. ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"பூவுக்குத்தானே தடை? தொப்பிக்கு ஒருத்தரும் தடை போடேல்லையே."

டூட்டிங் சந்தையில மீன் வாங்கினாலும் பேரம் பேசுறவள் நான். அண்டைக்கு ஒரு பென்னிகூடக் குறைக்கச் சொல்லேல்லை. அந்த விலையைக் குறைச்சுக் கேட்டால் என்னையே குறைச்ச மாதிரி இருந்தது.

கலியாணத்தண்டு முதல் வரிசையில, நட்டநடுவில போய் இருந்தன். தாலி கட்டேக்க பின்னுக்கு இருந்தவைக்கு மாப்பிள்ளை தெரிஞ்சிராது, என்ர தொப்பிதான் தெரிஞ்சிருக்கும்.

தெரியட்டும்.